துப்பாக்கிக்குப் பெயர் வைப்பது எதற்கு, எங்கே பொறிப்பது

கேள்வி இதுதான்: வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் ‘பெட்ஸி’, ‘சங்கிராம்’, ‘ராஜகோபால’ என்று ஏன் பெயர் வைத்தார்கள்? இன்று அப்படி ஒரு துப்பாக்கி வைத்திருப்பவர் பெயர் வைக்க நினைத்தால் எங்கே, எப்படிப் பொறிப்பது?

பாசம், பெருமை, மூடநம்பிக்கை என்று பொதுவாகச் சொல்லும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இவை எல்லா ஆயுதத்துக்கும் பொருந்தும். வாய்வழித் துப்பாக்கிக்குக் குறிப்பாகப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதன் குழலுக்குள்ளேயே இருக்கிறது. கையால் செய்த இரண்டு துப்பாக்கிகள் ஒரே தீனியைத் தின்னாது.

இன்றைய தோட்டாத் துப்பாக்கியில் குண்டும் மருந்தும் ஒரே உறையில் அடைத்து வருகின்றன. அளவு எண் பொருந்தினால் எந்தக் கடையில் வாங்கிய தோட்டாவும் எந்தத் துப்பாக்கியிலும் நுழையும். வாய்வழித் துப்பாக்கியில் இந்தச் சேர்க்கையை ஒவ்வொரு முறையும் சுடுபவரே செய்ய வேண்டும். பெயர் வைக்கும் வழக்கம் மிகவும் வேரூன்றியது அமெரிக்காவின் 18, 19ஆம் நூற்றாண்டு நீள்குழல் மரைத் துப்பாக்கிகளில்தான் (மரை என்பது குண்டைச் சுழற்ற குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டிய பள்ளம்). கென்டக்கி ரைஃபிள், பென்சில்வேனியா ரைஃபிள் என்பார்கள். அதன் குழலைக் கொல்லர் இரும்புப் பட்டையை மடித்து ஒட்டி, துளையைக் கடைந்து, மரையைக் கையாலேயே வெட்டினார். அதனால் ஒரே பட்டறையில் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு குழல்களுக்கே துளை அளவு ஒத்துப்போகாது. துப்பாக்கியைக் கொடுக்கும்போது அந்தத் துளைக்கென்றே செய்த குண்டு அச்சு ஒன்றையும் கொல்லர் சேர்த்துக் கொடுப்பார். விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் வழக்கம்கூட அப்போது பெரிதாக இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதுதான் கணக்கு. இன்றைய அரை அங்குலத் துளைக்கு ஏறக்குறைய 40 குண்டு வரும். அணில் வேட்டைக்கான சிறு துளையில் 150ஐத் தாண்டும்.

இதன் விளைவை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். அரை அங்குலத் துளை என்றால் 12.7 மி.மீ. அதற்கு 12.45 மி.மீ. குண்டு, அதைச் சுற்றி 0.38 முதல் 0.46 மி.மீ. வரை தடிப்புள்ள நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, துணியில் கொழுப்பு அல்லது மெழுகெண்ணெய், கீழே 50 முதல் 80 கிரெய்ன் வரை கருமருந்து (சுமார் 3.2 முதல் 5.2 கிராம்). இந்த நான்கில் ஒன்று மாறினாலும் குண்டு விழும் இடம் மாறும். துணி மெலிந்தால் குண்டு மரையைப் பற்றாது. சுட்ட பிறகு கீழே விழும் துணியை எடுத்துப் பார்த்தால் கருகியோ கிழிந்தோ இருக்கும். துணி தடித்தால் குண்டு இறங்கவே சுத்தியல் தேவைப்படும். ஒரு துப்பாக்கி 55 கிரெய்னில் குண்டுகளை ஒரே இடத்தில் கூட்டும், அதே அளவுள்ள இன்னொன்று 70 போட்டால்தான் கூட்டும். முதல் குண்டு சுத்தமான குழலிலிருந்து போவதால் சற்று மேலே அடிக்கும் துப்பாக்கியும் உண்டு, கரி படிந்தபின்தான் நிதானத்துக்கு வரும் துப்பாக்கியும் உண்டு. ஆளுக்கொரு குணம் என்பார்களே, அப்படி. இந்தக் குணங்களை மனப்பாடம் செய்தவன் அந்தத் துப்பாக்கியை ‘அது’ என்று சொல்லிக் கொண்டிருக்க மாட்டான்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். ‘பிரவுன் பெஸ்’ என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது தனி ஒரு துப்பாக்கியின் பெயர் என்று பலர் நினைப்பது தவறு. 1720களிலிருந்து நூறாண்டுக்கும் மேல் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய மரையில்லாத துப்பாக்கி வகை முழுவதற்கும் ஒட்டிய பட்டப்பெயர் அது. அதன் துளை 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம். நடுவில் ஒன்றரை மி.மீ. இடைவெளி, வேண்டுமென்றே விட்டது. எந்தக் குண்டும் எந்தக் குழலிலும் கடகடவென்று இறங்கவேண்டும், கரி படிந்தாலும் நிற்கக்கூடாது என்பதற்காக. குறிபார்ப்பு போனால் போகட்டும், வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுபவர்களுக்கு அது பெரிதில்லை. அந்தத் துப்பாக்கிகளுக்குத் தனிக்குணம் தேவைப்படவில்லை. தனிப்பெயரும் இல்லை, எண்தான் இருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு மிகச் சிறந்த சான்று அக்பரின் துப்பாக்கிச் சாலை. அக்பரின் அரசவை எழுத்தர் அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’ இதைக் கணக்கோடு சொல்கிறது. அரண்மனையில் இருந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளிலிருந்து அரசரின் சொந்தக் கைக்கென்று தேர்ந்தவை 105. அவற்றில் 12 மாதத்துக்கு ஒன்றாக முறைவைத்து வரும், 30 வாரத்துக்கு ஒன்றாக, 32 நாளுக்கு ஒன்றாக, மீதி 31 கையிருப்பில். ஒவ்வொரு குழலிலும் எவ்வளவு இரும்பு போயிற்று, இரும்பு எந்த ஊரிலிருந்து வந்தது, செய்தவர் யார், எங்கே, எப்போது, வரிசை எண் என்ன என்பதெல்லாம் பொறிக்கப்பட்டன. இந்த 105இல் முதலிடம் ‘சங்கிராம்’ என்ற துப்பாக்கிக்கு. அதனால் வீழ்ந்த விலங்குகள் 1019 என்று ஒரு கணக்கையும் அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். 1568 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சித்தூர் முற்றுகையின்போது, கோட்டைச் சுவரில் கவசமணிந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்த ஒருவரை அக்பர் சுட்டது இதனால்தான். யாரென்று அப்போது தெரியாது. கோட்டைத் தலைவர் ஜெய்மல் என்று பிறகு தெரிந்தது. வேட்டையில் விலங்கின்மேல் குண்டு படும்போது கையில் தோன்றும் அதே உணர்வு இப்போதும் தோன்றியது, எனவே பட்டிருக்கும் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் அவர் சொன்னதாக அபுல் ஃபசலின் வரலாற்று நூலான அக்பர்நாமா குறிக்கிறது. அரசவை எழுத்தர் சற்று மெருகேற்றியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே துப்பாக்கியோடு நெடுநாள் பழகியவர் சொல்லக்கூடிய பேச்சுதான் அது.

அமெரிக்கப் பெயர்களில் அதிகம் அடிபடுவது, வேட்டைக்காரரும் அரசியல்வாதியுமான டேவி க்ராக்கெட்டின் ‘பெட்ஸி’. இங்கே ஒரு குழப்பம் உண்டு. 1822இல் டென்னஸி மாநிலத்தின் லாரன்ஸ் கவுண்டி மக்கள் பரிசளித்ததாகச் சொல்லப்படுவது ‘பழைய பெட்ஸி’. 1834இல் பிலடெல்பியாவின் இளம் விக் கட்சியினர் பரிசளித்தது ‘அழகு பெட்ஸி’. ஒரே மனிதர், ஒரே பெயர், வேறு வேறு துப்பாக்கி. எனவே ‘க்ராக்கெட்டின் பெட்ஸி’ என்று யாராவது ஒன்றைக் காட்டினால் எந்த பெட்ஸி என்று கேட்பது முதல் வேலை. அதே நாட்டின் இன்னொரு பேர்பெற்ற வேட்டைக்காரர் டேனியல் பூனின் துப்பாக்கிக்கு வழங்கும் ‘டிக்-லிக்கர்’ என்ற பெயர், தொலைவிலிருந்தே கரடியின் மூக்கில் ஒட்டிய உண்ணியைச் சுட்டு எடுத்துவிடும் என்ற பீற்றலிலிருந்து வந்தது. அவருடையது என்று சொல்லி விற்கப்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கில்லை. ஒரு எளிய சோதனை: பூன் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி ‘ஈ’ (e) எழுத்தை விடமாட்டார். அந்த எழுத்து இல்லாமல் பெயர் செதுக்கிய துப்பாக்கிக் கட்டையை (குழலைத் தாங்கும் மரப்பகுதி) கண்டால் பணப்பையைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பெயரைப் பற்றி இன்னொன்று. அது உறுப்புகளைவிட நீண்ட ஆயுள் உடையது. மரை தேய்ந்தால் கொல்லரிடம் கொண்டுபோய்ப் புதிதாக வெட்டிக்கொள்வார்கள். துளை சற்றுப் பெரிதாகும், புதிய அச்சும் வேண்டும். 1830கள், 40களில் மருந்தைப் பற்றவைக்கும் சக்கிமுக்கிக் கல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுத் தொப்பிக் கேப்பு (அடித்தால் பொறி தரும் சிறு உலோகத் தொப்பி) இயந்திரம் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கட்டை உடைந்தால் கட்டை மாறும். குழல் ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் உள்ளே வேறாகிவிட்டிருக்கும். பெயர் மட்டும் மாறாது. பழம்பொருள் வாங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்: துப்பாக்கியில் உள்ள பெயர், இயந்திரம், கட்டை, குழல் ஆகிய நான்கும் ஒரே காலத்தவையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

பீரங்கிகளுக்கு வந்தால் பெயரின் வேலை கொஞ்சம் மாறுகிறது. அங்கே பெயர் வைப்பவர் சுடுபவரில்லை, அரசர். எதிரிக்குக் கேட்கவேண்டிய பெயர் அது. பிஜப்பூரின் ‘மாலிக்-இ-மைதான்’ (களத்தின் அதிபதி) 1549இல் அகமத்நகரில் முகமது பின் ஹுசைன் ரூமி வார்த்த வெண்கலப் பீரங்கி. எடை 55 டன் என்பார்கள். வாயே சிங்க முகம், பற்களுக்கிடையே ஒரு யானை. 1686இல் பிஜப்பூரைப் பிடித்த ஔரங்கசீப் அதன்மேல் தன் கல்வெட்டையும் சேர்த்தார். ஊரைப் பிடித்ததோடு நிற்காமல் பெயருள்ள ஒன்றைப் பிடித்ததையும் பதிந்து வைத்திருக்கிறார். 1854இல் ஆங்கிலேயர் அதைப் பழைய உலோகமாக ஏலம்விட்டபோது வந்த கேட்பு 150 ரூபாய். ஏலம் ரத்தாகிப் பீரங்கி தப்பியது.

ஆனால் முர்ஷிதாபாத்தில் இருக்கும் ‘ஜஹான் கோஷா’தான் இந்தக் கேள்விக்கு நேரான பதில் தருகிறது. 1637இல் டாக்காவில் ஜனார்தன் கர்மகார் என்ற கொல்லர் செய்தது, 17 அடி 6 அங்குல நீளம். உலகை அடக்குவது என்று பெயர் என்னவோ பெரிதாகத்தான் இருக்கிறது. அதன்மேல் பதித்த பித்தளைத் தகடுகளில் அந்தப் பெருமையோடு நடைமுறை விவரமும் இருக்கிறது: எடை 212 மணங்கு, ஒரு முறைக்கு மருந்து 28 சேர். பெயர், செய்தவர், எடை, தீனி எல்லாம் ஒரே இடத்தில். அடுத்த தலைமுறைப் பீரங்கிக்காரன் அளவு தெரியாமல் அதிகமாகக் கெட்டித்து வெடிக்க வைத்துவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கி வேறு மரபு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்தது. மன்னார்குடி ராஜகோபாலசுவாமி தஞ்சை நாயக்கர்கள் போற்றிய தெய்வம். வார்க்காமல் தேனிரும்பை அடித்துச் செய்தது இது. நீள இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, மேலே சிவக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, ஆறும்போது அவை சுருங்கி இறுகும்படி செய்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் எண்ணியபடி பட்டைகள் 43, வெளி வளையங்கள் 94. நீளம் ஏழரை மீட்டருக்கு மேல், வாயின் விட்டம் 60 செ.மீ.க்கு மேல், எடை 20 டன்னைத் தாண்டும். மழையிலும் வெயிலிலும் கிடந்தும் பெரிதாகத் துருவேறாமல் இருக்கிறது.

வளையமும் பட்டையுமாகச் செய்த பீரங்கிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு வளையத்தின் ஒட்டு விட்டால் அதன் கீழுள்ள பட்டைகள் விலகிவிடும். எடின்பரோ கோட்டையின் ‘மோன்ஸ் மெக்’ இதற்குச் சாட்சி. 1449இல் பர்கண்டி கோமகன் பிலிப் செய்வித்தது, 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்கு வந்தது, 20 அங்குல வாய், ஆறு டன்னுக்கு மேல் எடை. இழுத்துப்போனால் நாளுக்கு 3 மைல். சூடேறுவதால் நாளுக்கு 8 முதல் 10 வேட்டு. 1681இல் ஒரு பிறந்தநாள் மரியாதை வேட்டின்போது வளையங்கள் வெடித்தன. அத்தோடு அதன் சுடும் காலம் முடிந்தது. பழைய கணக்கேடுகளில் அது செய்த ஊரின் பெயரால் வெறும் ‘மோன்ஸ்’தான். ‘மெக்’ என்ற பெண்பெயர் பின்னால் ஊர் வாயில் சேர்ந்தது. லாகூரின் ‘ஜம்ஜமா’வும் அப்படித்தான்: 1757இல் ஷா நசீர் வார்த்தபோது வைத்த பெயர் அது, 1761 பானிபட்டில் முழங்கியதும் அந்தப் பெயரோடுதான். மறு ஆண்டில் பாங்கி மிசல் என்ற சீக்கியப் படைக்குழுவின் கைக்குப் போனதும் மக்களுக்கு அது ‘பாங்கியான் தி தோப்’ (பாங்கிகளின் பீரங்கி) ஆகிவிட்டது. அரசர் வைத்த பெயர் தகட்டில் நிற்கும், மக்கள் வைத்த பெயர்தான் புழங்கும்.

இனி இன்று பெயர் வைப்பவருக்கு.

முதலில் துப்பாக்கியைச் சுட்டுப் பழகி அதன் தீனியைக் கண்டுபிடித்தபிறகு பெயரைப் பொறியுங்கள். முதல் நாளே தகடு அடித்துவிட்டு, பின்னால் கட்டையைச் சீவவேண்டி வந்து தகட்டைப் பெயர்த்தவர்கள் உண்டு. பெயரை முதலில் பொறிக்கவேண்டிய இடம் துப்பாக்கியே இல்லை என்பது என் கருத்து. குண்டு அச்சும், மருந்து அளக்கும் குவளையும், சுத்தம் செய்யும் கோல்முனையும்தான். ஒரே வீட்டில் இரண்டு துப்பாக்கி இருந்து, அச்சு மாறிப்போனால் வரும் தொல்லை சிறியதல்ல. 12.45 மி.மீ. அச்சுக்கும் 12.57 மி.மீ. அச்சுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பெரிய குண்டு கரி படிந்த குழலில் பாதியில் நின்றுவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் வளையமாகப் புடைக்கும், சிலவேளை கிழியும். அச்சின் கைப்பிடியில் துப்பாக்கியின் பெயரும், கீழே மருந்தளவும் துணித் தடிப்பும் இருந்தால் இந்த விபத்து பாதி தவிர்ந்தது. மீதிப் பாதிக்கு, கெட்டிக்கும் கோலில் குண்டு முழுவதும் இறங்கிய நிலையில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு குழல்வாயோடு சேர்கிறதா என்று பார்த்துத்தான் சுடவேண்டும்.

துப்பாக்கியிலேயே பொறிப்பதானால் நல்ல இடம் அடிக்கட்டையில் கன்னம் படும் பக்கம். 1 மி.மீ. அளவில் தடிப்புள்ள பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர் தகடு போதும். தகட்டின் ஓரங்களை அடிப்பக்கம் சற்றுக் குறுகும்படி அரத்தால் சாய்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கட்டையின்மேல் வைத்து, கூரிய கத்தி முனையால் சுற்றிக் கோடு கீறி, கோட்டுக்கு உட்பக்கமே நின்று உளியால் பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் தகட்டின் தடிப்பைவிட ஒரு இழை குறைவாக இருக்கட்டும். தகட்டை அழுத்தி இறக்கியபின் மேலே தெரியும் மிச்சத்தை அரத்தால் மரத்தோடு சமமாக்கலாம். பள்ளம் ஆழமாகிவிட்டால் மரத்தைத்தான் சீவவேண்டும், அது கட்டையின் வடிவத்தையே கெடுக்கும். சிறு பித்தளை ஆணிகளுக்குத் துளையை முதலில் போட்டுவிட்டு அடியுங்கள். மேப்பிள் மரம் துளையில்லாமல் ஆணியை ஏற்றுக்கொள்ளாது, பிளக்கும். எழுத்தைச் சமமாக்கிய பிறகு வெட்டுங்கள், முன்பே வெட்டினால் அரம் எழுத்தைத் தின்றுவிடும்.

கட்டையின் கழுத்தில் தகடு வைப்பது அழகுதான், ஆனால் அங்கே மரம் மெலிது, இயந்திரத்தின் விற்களுக்கும் திருகுகளுக்கும் ஏற்கெனவே குடைந்திருப்பார்கள். முன்கட்டை இன்னும் மோசம். குழல் கிடக்கும் பள்ளத்துக்கும் கோல் செல்லும் துளைக்கும் நடுவே இருக்கும் மரம் 3 மி.மீ. அளவுதான். நீளமான ஒரு ஆணி அதைத் துளைத்துக்கொண்டு கோலைத் தடுத்துவிடும்.

குழலில் எழுதுவதானால் சுத்தியலும் எழுத்து அச்சும் வேண்டாம். குழலின் நடுப்பகுதி இரு முனைகளைவிட மெலிந்திருக்கும் பழைய பாணிக் குழல்களில் பலமாக அடித்த அச்சு உள்ளே மரையில் மேடு எழுப்பிவிடும். குண்டு அங்கே இறுகி நிற்பதைக் கோலிலேயே உணரலாம். அடிப்பகுதி தடித்தது என்று அங்கே அடிப்பதும் தவறு, உச்ச அழுத்தம் வருவது அங்கேதான். செதுக்கு உளியால் மேலோட்டமாக வரைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்குறிக்கும் (குறிபார்க்கும் பின் காட்டிக்கும்) குழலின் அடிமுனைக்கும் இடைப்பட்ட மேல்முகம் மரபாகச் செய்தவர் கையெழுத்திடும் இடம். அதை அவருக்கே விட்டுவிடுவது மரியாதை. கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும், எழுத்துப் பள்ளங்களில் முதலில் துரு பிடிக்கும். வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசும்போது பழைய பல்துலக்கியால் எழுத்துகளையும் தேயுங்கள்.

பழம்பொருளாக வந்த துப்பாக்கியில் எதையும் புதிதாகப் பொறிக்காதீர்கள். விலை போவது ஒருபுறம், அடுத்து ஆராய்பவரையும் அது ஏமாற்றும். அதற்கு மருந்துக் கொம்பு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் படைவீரர்களே தங்கள் பெயரையும் ஊரையும் வரைபடத்தையும் கொம்பில்தான் கீறி வைத்தார்கள். கொம்பை மழமழப்பாகத் தேய்த்து, ஊசியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் கீறல் மட்டும் கறுத்து நிற்கும்.

இந்தியாவில் உரிமத்தோடு வாய்வழித் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்துள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. நீங்கள் வைக்கும் தகடு அவற்றில் ஒன்றின்மேல்கூடப் படக்கூடாது. மெருகேற்றுகிறேன் என்று அந்த இடத்தில் அரம் போடவும் கூடாது. தகடு அடிப்பதற்கு முன், உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணையும் குழலில் உள்ள எண்ணையும் ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.